வில் இல்லாப் பூட்டு: அமைப்பும் காப்பும்

1897ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் திருட்டுகள் பெருகி வருவதைப் பற்றிய செய்தித்தாள் குறிப்பொன்று, வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டுப் புதிய தொழில் தேடிக் கொண்டிருந்த அர்தேஷிர் கோத்ரெஜின் கண்ணில் பட்டது. அவ்வாண்டே லால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில் பூட்டுச் செய்யும் பட்டறையை அவர் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1909இல், வில் இல்லாத பூட்டு ஒன்றுக்கு அவருக்குப் பிரிட்டிஷ் காப்புரிமை கிடைத்தது. உலகின் பூட்டுத் தொழில் பெரும்பாலும் வில்லை நம்பி நடந்து கொண்டிருந்த காலத்தில் அதை வேண்டாமென்று ஒதுக்கியது துணிவான செயலாகும். அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், பூட்டினுள் வில் என்ன பணியைச் செய்கிறது என்பதை முதலில் நோக்க வேண்டும்.

வில்லின் பணி

பேச்சு வழக்கில் ஸ்பிரிங் எனப்படும் வில், இன்றைய பூட்டுகளில் பெரும்பாலானவற்றில் உள்ளது. நம் வீடுகளில் பரவலாகக் காணப்படும் லீவர் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அச்சாணியில் பொருத்தப்பட்டிருக்கும். இவையே லீவர்கள். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு உண்டு. அதனை வாயில் எனலாம். பூட்டின் நாக்கில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். எல்லா லீவர்களின் வாயில்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் முளை உள்ளே நுழையும், நாக்கும் பின்வாங்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்குகின்றன. தூக்கப்பட்ட லீவரைத் திரும்பக் கீழே தள்ளுவது வில்லின் வேலை. ஆக, சாவி ஒரு திசையில் மட்டுமே ஆளுகிறது. மறு திசையில் ஆட்சி வில்லின் கையில் இருக்கிறது.

இந்த இரட்டை ஆட்சியில்தான் குறைகள் தொடங்குகின்றன. லீவர் வில் என்பது பெரும்பாலும் மெல்லிய கம்பி அல்லது தகட்டுத் துண்டு. கடலோர ஊர்களின் உப்புக் காற்றிலும் பருவமழைக் கால ஈரத்திலும் அது துருப்பிடிக்கிறது. பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்வதால் உலோகம் களைத்து ஒரு நாள் முறிகிறது. முறிந்த வில் லீவரை விட்டுவிடுவதோடு நில்லாமல், சில வேளைகளில் லீவர்களுக்கிடையே சிக்கிக்கொண்டு சரியான சாவியையும் தடுக்கிறது. திருடனுக்குத் திறவாமல் இருப்பது பூட்டின் ஒரு கடமையெனில், உரியவருக்குத் தவறாமல் திறப்பது மற்றொரு கடமை. வில்லின் முறிவால் பாதிக்கப்படுவது இந்த இரண்டாவது கடமையே. கதவை உடைத்து உள்ளே போக நேர்ந்த வீட்டுக்காரருக்குப் பூட்டின் வலிமையைப் பற்றிய விளம்பரம் ஆறுதல் தராது.

முதல் கடமைக்கும் வில் ஒருவகையில் இடையூறே. நாக்கின்மீது சிறிது அழுத்தம் கொடுத்துக்கொண்டு லீவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பவனுக்கு, வில் விசையானது எந்த லீவர் பிடிபட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பதை விரல் நுனியில் உணர்த்தி விடுகிறது. மேலும் அவன் ஒரு திசையில் மட்டும் தள்ளினால் போதும். திரும்பக் கொண்டுவரும் வேலையை வில் செய்து கொடுக்கிறது. ஊசிப் பூட்டு வகைகளில் தட்டுதலால் ஊசிகள் துள்ளி எழுந்து மீள்வதும் வில் இருப்பதால் நிகழ்வதேயாம்.

1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், அக்காலத்தில் வெல்ல முடியாதது எனப் புகழ்பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் தேவைப்பட்டது. பூட்டு என்பது காலத்தை வாங்கித் தரும் கருவியேயன்றி முடிவான அரண் அன்று என்பதைப் பூட்டுத் தொழிலுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

வில்லை எடுத்துவிட்டால் போதுமா?

வில் இல்லாப் பூட்டு புதுமையானதெனக் கருத வேண்டியதில்லை. பண்டைய எகிப்தின் மரப்பூட்டில் வில் கிடையாது. மரத் தாழின் துளைகளில் மேலிருந்து மரமுளைகள் தம் எடையால் விழுந்து நிற்கும். பல்வைத்த மரச்சாவி அவற்றை மேலே தூக்க, தாழ் நகரும். இங்கு வில்லின் பணியைப் புவியீர்ப்பு ஆற்றியது. ஆயினும் எடையை நம்பிய பூட்டுக்குத் தனிக் குறைகள் உண்டு. தலைகீழாகப் பொருத்தினால் அது பூட்டாது. தட்டினாலும் அதிர்த்தாலும் முளைகள் குதிக்கும். துருவும் தூசும் ஏறினால் விழ வேண்டியது விழாமல் தொங்கி நிற்கும்; அப்போது பூட்டியதாக நினைத்த கதவு பூட்டப்படாமலே இருக்கும்.

எனவே வில்லை அகற்றுவது பாதி வேலையே. வில்லும் எடையும் செய்துவந்த பணியைச் சாவியிடமே ஒப்படைப்பதுதான் மீதிப் பாதி. சாவி லீவரை ஏற்றவும் வேண்டும், இறக்கவும் வேண்டும். இவ்விரண்டு திசைகளிலும் லீவருக்குச் சுதந்திரம் இருத்தலாகாது.

இதனை லீவர் பூட்டில் நிறைவேற்ற ஒரு எளிய வழி உண்டு. லீவரில் அடிப்பக்கம் திறந்த வளைவுக்குப் பதிலாக, நாற்புறமும் மூடிய சாளரம் ஒன்றை வெட்ட வேண்டும். சாவிக்குத் தண்டின் இருபுறமும் பற்கள் இருக்க வேண்டும். சாவி செங்குத்தாகத் திரும்பும்போது மேற்பல் சாளரத்தின் மேல்விளிம்பையும், கீழ்ப்பல் கீழ்விளிம்பையும் தொடும். எடுத்துக்காட்டாக, தண்டின் மையத்திலிருந்து அளக்கையில் சாளரத்தின் உயரம் 10 மில்லிமீட்டர் எனில், ஒரு லீவருக்கு மேற்பல் 4, கீழ்ப்பல் 6 மில்லிமீட்டர். அடுத்த லீவருக்கு மேற்பல் 5.5, கீழ்ப்பல் 4.5 மில்லிமீட்டர் என அமையலாம். இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் மாறக் கூடாது. மேற்பல் குறைந்தால் லீவர் ஏறாது. கீழ்ப்பல் குறைந்தால் லீவர் தளர்ந்து நிற்கும். ஆகவே, பூட்டை ஏமாற்ற முயல்பவன் ஒவ்வொரு லீவரையும் இருபுறமும் ஒரே சமயத்தில் பிடித்தாக வேண்டும்.

சாவியை எடுத்தபின் லீவர்கள் எங்கே நிற்கும் என்ற கேள்வி எழும். அவை தம் எடையால் கீழ்த் தடையில் சென்று படியும். அங்கே படிவதில் தீங்கில்லை. ஆனால் எந்த லீவரின் வாயிலும் அந்தக் கீழ்நிலைக்கு நேராக அமைந்துவிடாமல் வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைகீழ் நிலைக்கும் இவ்விதி பொருந்தும். இரு எல்லைகளையும் இவ்வாறு விலக்கினால், பயன்படுத்தக்கூடிய உயரப் படிகளின் எண்ணிக்கை குறையும். அது கொடுத்தே தீரவேண்டிய விலை.

வட்டத் தகட்டு முறை

இதே சிந்தனை பின்லாந்தில் வேறு உருவெடுத்தது. அலுவலக இயந்திரங்களைப் பழுதுபார்த்து வந்த எமில் ஹென்ரிக்சன் 1907இல் வட்டத் தகடுகளால் ஆன பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அப்ளாய் என்னும் பெயரில் உலகெங்கும் பரவிய பூட்டு இதுவே. இதில் லீவர்கள் ஏறி இறங்குவதில்லை, தகடுகள் சுழல்கின்றன. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு பள்ளம் இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் வெவ்வேறு கோணத்தில் அமைந்திருப்பதால், சாவி திரும்பும்போது ஒவ்வொரு தகடும் தனக்குரிய அளவு மட்டும் சுழலும். பள்ளங்கள் அனைத்தும் ஒரே வரிசையில் வந்ததும், பக்கத்தில் உள்ள தடைக்கம்பி அவற்றினுள் இறங்கி, உருளை முழுவதையும் சுழல விடும். கம்பியை உள்ளே தள்ளவும் வில் வேண்டாம். வெளிக்கூட்டின் சரிவான விளிம்பே அதை ஆப்புப் போல் உள்ளே செலுத்துகிறது. சாவி பின்னோக்கித் திரும்பும்போது தகடுகளும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படுகின்றன. துள்ளி எழ வில் இல்லாததால் தட்டித் திறக்கும் முறை இங்கு செல்லாது. உறைபனியிலும் தூசிலும் வேலை செய்யும் என்பது இதன் கூடுதல் சிறப்பு.

எண்ணிக்கையும் துல்லியமும்

ஆறு லீவர்களும் ஐந்து உயரப் படிகளும் உள்ள பூட்டில் கணக்குப்படி 15,625 சாவிகள் சாத்தியம். ஒன்பது தகடுகளும் ஆறு கோணங்களும் எனில் அது ஒரு கோடியைத் தாண்டும். விற்பனையாளர்கள் இவ்வெண்களைப் பெருமையுடன் கூறுவது வழக்கம். ஆனால் இவை காகிதத்து எண்களே. இரு படிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். வாயிலில் முளைக்கு இருபுறமும் அரை மில்லிமீட்டர் இடம் விடப்பட்டிருந்தால், அடுத்த படிக்குரிய சாவியும் அதே பூட்டைத் திறந்துவிடும். அப்போது ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் சில நூறாகச் சுருங்கிவிடும். பூட்டின் காப்பு, லீவர்களின் எண்ணிக்கையைவிட அரத்தின் துல்லியத்தில் அதிகம் அடங்கியிருக்கிறது.

தடவிப் பார்ப்பவனைக் குழப்புவதற்குப் போலி வாயில்கள் பயன்படும். உண்மை வாயிலின் இருபுறமும் ஆழம் குறைந்த வெட்டுகளை இட்டு, முளையின் முனையிலும் அதற்கேற்ற வெட்டை இட்டால், தவறான இடத்திலேயே லீவர் கொளுவிக்கொள்ளும். வில் உள்ள பூட்டில் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தினால் வில் லீவரை விடுவித்துவிடும். வில் இல்லாப் பூட்டில் அதனைத் தேடிப் பிடித்து விடுவிக்க வேண்டும். தகடுகளுக்கிடையே நகராத இடைத்தகடுகளை வைப்பது மற்றொரு முறை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று உரசி நகர்வதை இது தடுக்கும். சரியான சாவிக்கும் இதனால் நன்மையே. துளையிடுதலுக்கு எதிராக, சாவித் துவாரத்தைச் சுற்றிக் கடினமான எஃகு முளைகளைச் சுழலும்படி பொருத்துகின்றனர். துளைக்கருவி பட்டதும் அவை சுழன்று அதன் கூர்மையை வீணாக்கும்.

1818இல் ஜெரமையா சப் அமைத்த பூட்டில், யாரேனும் லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு தானே இறுகி, உரியவருக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு இருந்தது. மிக நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அதுவும் ஒரு வில்லையே நம்பியிருந்தது.

கதவோடு சேர்ந்த பூட்டு

சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள் நகரங்களில் பெருகியுள்ளன. அவற்றின் சரிவான நாக்கைத் தள்ளி நிறுத்துவது வில்லே. கதவிடுக்கில் மெல்லிய தகட்டை நுழைத்து அந்நாக்கைப் பின்தள்ளிவிட முடிகிறது. வில் இல்லாப் பூட்டின் நாக்கோ சதுர முனையுடையது. சாவி திரும்பினாலன்றி முன்னும் போகாது, பின்னும் வராது. சாவி போட மறந்தால் கதவு பூட்டப்படாது என்பதே இதிலுள்ள அசௌகரியம். உள்ளே குழந்தை இருக்க வெளியே தானாகப் பூட்டிக்கொண்ட கதவை அறிந்தவர்கள் இதனைக் குறையாகக் கருதமாட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாக்கு சென்று புகும் நிலைச்சட்டத்தின் தகடு, நீளம் குறைந்த இரண்டு திருகாணிகளால் மென்மரத்தில் பிடிக்கப்பட்டிருந்தால், எந்தப் பூட்டும் ஓர் உதைக்கு நில்லாது.

பட்டறைகளின் நிலை

தாலா நகரி என வட இந்தியாவில் அழைக்கப்படும் அலிகாரில் பூட்டுத் தொழில் சிறு பட்டறைகளாகவும் வீட்டுத் தொழிலாகவும் பகிர்ந்து நடைபெறுகிறது. தகடு வெட்டுவது ஓரிடம், அரம் போடுவது ஓரிடம், மெருகும் முலாமும் ஓரிடம், பூட்டைக் கோப்பது வேறிடம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டோ கைத்திறனால் பெயர் பெற்றது; ஆனால் இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகளின் போட்டியால் நலிந்தது. இவ்வகைப் பட்டறைகளுக்கு வில் இல்லா அமைப்பு ஒரு வாய்ப்பும் சோதனையும் ஆகும். நல்ல வில்லுக்குத் தரமான எஃகுக் கம்பியும் சீரான தோய்ச்சலும் தேவை; சிறு பட்டறையில் இவ்விரண்டையும் ஒரே தரத்தில் பேணுவது கடினம். வில் போனால் அச்சிக்கலும் போகும். ஆனால் அதற்கு ஈடாகச் சாளரத்தையும் பற்களையும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் வெட்ட வேண்டும். கண்ணளவும் கையளவும் இதற்குப் போதா. வெட்டும் அச்சுகளையும் அளவுமானிகளையும் தனித்தனியே வாங்க இயலாத பட்டறைகள் கூட்டுறவு முறையில் பொதுக் கருவிக்கூடம் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பூட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநூல்கள் உள்ளன. தொங்கு பூட்டுக்கு ஐ.எஸ். 275, கதவினுள் பதிக்கும் மார்ட்டைஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209. அரசு அலுவலகங்கள் விலைப்புள்ளி கோரும்போது லீவர்களின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பிடாமல், இத்தரநூல்களின்படி சோதனையையும் கோருவது நல்ல பட்டறைக்குத் துணை செய்யும். எண்ணிக்கையை மட்டும் கேட்டால், வாயில் அகலமான ஏழு லீவர்களே வந்து சேரும்.

பொறுப்பும் பராமரிப்பும்

சாவியே முழு ஆட்சி செலுத்தும் பூட்டில் சாவியின் பாதுகாப்பும் அந்த அளவுக்கு முக்கியம். கருவூலங்களில் இரு அலுவலர் கையில் இரு சாவிகளாக இரட்டைப் பூட்டு முறை கையாளப்படுவது இதனை உணர்ந்த ஏற்பாடே. மாற்றுச் சாவி எவரிடம், எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்பது பதிவேட்டில் இல்லையெனில், அலுவலர் மாறும்போதெல்லாம் பூட்டையும் மாற்றியாக வேண்டும்.

பராமரிப்பில் ஒரு தவறு பரவலாகக் காணப்படுகிறது. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது பல வீடுகளின் பழக்கம். சில நாட்களில் அது தடித்துத் தூசியுடன் சேர்ந்து பிசினாகிவிடும். வில் உள்ள பூட்டில் வில்லின் விசை அந்தப் பிசினை ஓரளவு மீறித் தள்ளும். வில் இல்லாப் பூட்டில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றைச் சுழற்றினால் அடுத்ததும் கூடவே சுழலும். சரியான சாவியும் பயன்படாமல் போகும். உலர்ந்த கிராஃபைட் தூளைச் சாவியில் தடவி நான்கைந்து முறை திருப்பினால் போதும். ஏற்கனவே எண்ணெய் விட்டிருந்தால், பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பின்னரே தூளை இட வேண்டும்.