தபால்தலைக்குள் ஒரு செதுக்கோவியம்

கேள்வி: பாட்டனார் பெட்டியில் 1857ஆம் ஆண்டின் இலங்கை ஒரு பென்னி தபால்தலை இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் முகம் செதுக்கி அச்சிட்டதுதானா?
— வாசகர், பொதட்டூர்பேட்டை

அன்பரே, ஐயம் வேண்டாம். பூதக்கண்ணாடியின் கீழ் தபால்தலையை வெளிச்சத்தில் சற்றே சாய்த்து நோக்குங்கால், முகத்தின் நிழலெல்லாம் நுண்ணிய கோடுகளாகப் பிரிந்து, மை காகிதத்தின்மேல் மெல்ல மேடிட்டு நிற்குமாயின், அது செதுக்கச்சே. மிருதுவான எஃகில் சிற்றுளியால் கீறி, அதனைக் கடினப்படுத்தி, உருளையின் வாயிலாகப் பெருந்தகட்டில் பன்முறை பதித்து, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, காகிதத்தை அழுத்தியெடுத்த அபூர்வ சித்திரம் அது. லண்டன் பெர்க்கின்ஸ் பேக்கன் அச்சகத்தின் கைவண்ணம். அவ்வாண்டின் அரைப்பென்னி மட்டும் டி லா ரூ அச்சகத்தின் மேட்டச்சு, அதாவது மேடான பகுதிகளில் மை பூசி அச்சிட்டது. நெசவூரான பொதட்டூர்பேட்டையில் வளர்ந்த கண்களுக்கு இழைகளை எண்ணுதல் எளிதன்றோ! தபால்தலையை நீரில் மட்டும் நனைக்காதீர்கள்.