தம்பி, பெட் தொகையைச் சம்பள நாளிலேயே முடிவு பண்ணிவிடு

அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் பக்கம் முண்டு மிளகாய் பழம் எடுப்பு மாசியில் சூடுபிடித்துச் சித்திரை வரை ஓடும். களத்தில் காய்ந்த வற்றலை மூட்டை பிடித்துக் கமிஷன் கடையில் போட்டுக் காசு பார்க்கிற நாட்களும் ஐபிஎல் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மழையை நம்பி விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிற பணம் அது. உரக்கடை பாக்கி, அடகு நகை, பள்ளிக்கூட ஃபீஸ் என்று வருவதற்கு முன்பே அதற்குப் பெயர் எழுதியாகிவிட்டது. அந்தப் பணம் வீட்டில் இருக்கிற இரண்டு மாதமும் ராத்திரி ஏழரைக்கு மேட்ச் இருக்கிறதே என்பதுதான் என் கவலை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தம்பிகளைப் பற்றியோ வருஷம் முழுக்கக் கவலை. அங்கே மாதாமாதம் சம்பளம். ஆகஸ்டிலிருந்து மே வரை வாராவாரம் இங்கிலாந்துக் கால்பந்து.

சூது ஹராம் என்று ஜும்ஆ பயானில் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்ம ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு இதற்கு மேல் ஒரு கணக்கும் தேவையில்லை. மற்றவர்களுக்கு, முக்கியமாக "நான் கட்டுப்பாடாத்தான்க்கா ஆடுறேன்" என்று சொல்கிற தம்பிகளுக்கு, அந்தக் கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் ஊரில் இருக்கிறவனுக்கு. உன் தொகை பூஜ்யம். தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி தொடர்ந்து வந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைத்து, அது கொடுத்த அறிக்கைக்குப் பிறகு பிறந்த சட்டம். அதன்படி ஆடுகிறவனுக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். டிவியில் நட்சத்திரங்கள் வந்து கூப்பிட்ட ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தின.

மிச்சம் இருப்பது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் புக்கிகள் கொடுக்கிற சூதாட்டத் தள 'ஐடி'தான். 2023 நவம்பரில் மகாதேவ் உட்பட 22 சூதாட்ட ஆப்களையும் தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. முடக்க முடக்க வேறு பெயரில் முளைக்கிறது. இந்த ஐடி ஆட்டத்தில் என்னைப் பயமுறுத்துவது போலீஸ் கூட இல்லை, கடன். நீ பணத்தை எடுத்து வைத்துவிட்டு ஆடுவதில்லை. புக்கி உன் பெயரில் லிமிட் கொடுக்கிறான், ஒரு நாள் குறித்துக் கணக்குப் பார்க்கிறான். 'மேட்சுக்கு 200 ரூபாய்தான்' என்று நீ எவ்வளவு உறுதியாக முடிவு செய்தாலும், அந்த முடிவை நிறுத்திப் பிடிக்க அங்கே ஒரு தடுப்பும் கிடையாது. பவர்பிளேயில் போன 200ஐப் பதினைந்தாவது ஓவரில் 2,000ஆக எடுக்கலாம் என்று தோன்றும்போது, உன் கையில் 2,000 இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் நீ போய்ச் சொல்லவும் இடமில்லை. இன்னொன்று: "உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று யாராவது கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடு. சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் ஓடுகிற கணக்காக அது மாறினால், முடக்கப்படுவது உன் கணக்கு, விசாரணைக்குப் போவது நீ.

இப்போது சிங்கப்பூர்த் தம்பிக்கு. அங்கே 1968இல் தொடங்கிய சிங்கப்பூர் பூல்ஸ் கால்பந்துக்குச் சட்டப்படி பெட் வாங்குகிறது. அதை விட்டுவிட்டுத் தங்குமிடத்தில் கைக்காசு வாங்கிக்கொண்டு கிரிக்கெட்டுக்கு எழுதுகிறவனிடம் போனால் அது அங்கேயும் குற்றம்தான்: 2022ஆம் வருடச் சட்டப்படி கட்டுகிறவனுக்கே 10,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவனுக்கு அதோடு வேலையும் போகலாம். இன்னொரு விஷயம் பலரும் கவனிக்காதது. கேசினோவுக்குள் போகச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரனான உனக்குக் கட்டணம் இல்லை. தன் மக்களை யோசிக்க வைக்க அந்த அரசு போட்ட தடுப்பு உன் முன்னால் இல்லை. உன் தடுப்பை நீயேதான் போட்டுக்கொள்ள வேண்டும். கேசினோக்கள் உன்னை உள்ளே விடாதபடி நீயே பெயர் கொடுத்துவைக்க அங்கே வசதி உண்டு, பெர்மிட்காரர்களுக்கும் உண்டு. மனது தெளிவாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் முன், அதைச் செய்துவிடு.

சரி, கால்பந்துக்கு அளவாகக் கட்டுவேன் என்கிறாய். அளவு என்றால் என்ன? சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்புவதை அனுப்பு. ஏஜெண்ட் கடன் இருந்தால் அதன் தவணையைக் கட்டு. அந்தக் கடன் தீரும் வரை பெட் என்ற பேச்சே வேண்டாம். சாப்பாடு, போன் கார்டு, அவசரத்துக்கு ஒரு தொகை எல்லாம் எடுத்துவைத்த பிறகு, தொலைந்தாலும் ராத்திரி தூக்கம் கெடாது என்கிற ஒரு தொகை இருந்தால் அதை மட்டும் தனியாக வை. ஒரு சீசனுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டுக்கு 5 டாலர். நாற்பது பெட், பத்து மாதம், வாரத்துக்கு ஒன்று. மான்செஸ்டர் ஆடினாலும் 5, யாருக்கும் தெரியாத அணி ஆடினாலும் 5. 'இது நிச்சயம்' என்று தோன்றும் அன்றும் 5. அப்படித் தோன்றும் அன்றைக்குத்தான் மாற்றவே கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், தோற்ற பிறகு தொகையை இரட்டிப்பாக்கினால் எப்படியும் மீண்டுவிடலாம் என்று உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நண்பன் கட்டாயம் இருப்பான். கணக்கைப் போட்டுப் பார். 5, 10, 20, 40, 80. ஐந்து தடவை தொடர்ந்து தோற்றால் 155 டாலர் போய்விட்டது. கையில் மிச்சம் 45. அடுத்த பெட்டுக்கு வேண்டியது 160. அங்கே நீ கடன் கேட்கத் தொடங்குகிறாய். தொடர்ந்து ஐந்து தோல்வி எங்கேயாவது நடக்குமா என்று கேட்காதே. சரிக்குச் சரி வாய்ப்புள்ள ஆட்டத்தில்கூட, நாற்பது பெட்டுக்குள் ஒரு தடவையாவது அப்படித் தொடர் தோல்வி வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒரே தொகை கட்டுகிறவனுக்கு அந்த ஐந்து தோல்வி 25 டாலர். அவனும் வருத்தப்படுவான், ஆனால் மறுநாள் வேலைக்குப் போவான்.

ஆனால் இங்கே நான் உன்னிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே தொகை கட்டுவது உன்னை ஜெயிக்க வைக்காது. இரண்டு பக்கமும் சமமான ஆட்டத்துக்கு நியாயமான விலை 2.00, அதாவது ஜெயித்தால் கட்டியதற்கு இரண்டு மடங்கு. கடையில் கிடைப்பது 1.90 மாதிரி ஒன்று. நூறு பெட்டுக்கு ஐந்தைந்தாக 500 டாலர் கட்டி, ஐம்பதில் ஜெயித்தால் கைக்கு வருவது 475. சமமாக ஆடியும் 25 டாலர் போச்சு. லாபம் பார்க்க நூற்றுக்கு 53 ஜெயிக்க வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். நான்கு மேட்சைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டுகிறார்களே, அதில் இந்த வெட்டு நான்கு தடவை விழுகிறது: நியாயமாக 16 மடங்கு வர வேண்டிய இடத்தில் 13 மடங்குதான். நூறுக்கு 81. ஃபோர்-டி என்கிற நாலு இலக்க நம்பர் குலுக்கல் இன்னும் மோசம். அதில் 'பிக்' வகைப் பெட் ஒரு டாலருக்கான பரிசுகளை எல்லாம் கூட்டிப் பத்தாயிரம் நம்பருக்குப் பங்கிட்டால் 66 காசு கூடத் தேறவில்லை.

எவ்வளவு கட்டலாம் என்பதற்குச் சூத்திரமே இருக்கிறது என்று ஆன்லைனில் காட்டுவார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் எழுதியது அது. உண்மையான சூத்திரம்தான். ஆனால் அது முதலில் கேட்பது, கடைக்காரனை விட உனக்கு அதிகமாகத் தெரிந்தது எவ்வளவு என்று. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் கட்ட வேண்டிய தொகையும் பூஜ்யம் என்றே விடை வரும். இதைக் காட்டி உன்னிடம் 'டிப்ஸ்' விற்கிறவன் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

"எனக்கு ஆட்டம் நல்லாத் தெரியும்க்கா" என்பாய். தெரியும், நான் மறுக்கவில்லை. நம்ம பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் மாட்டைப் பார்த்த உடனே இது கரிச்சானா பூஞ்சிட்டா, எந்த எல்லைக்கு மேல் மூச்சு வாங்கும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் பந்தயத்தில் பணத்தை விட்டவர்கள் உண்டு. எது ஜெயிக்கும் என்பது ஒரு அறிவு. அதற்கு இந்த விலை கொடுக்கலாமா என்பது வேறு அறிவு. முதலாவது உனக்கும் எனக்கும் இருக்கலாம். இரண்டாவதற்குக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து, கம்ப்யூட்டர் வைத்து நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறான். அதிலும் உனக்குப் பிடித்த அணிமேல் ஒருநாளும் கட்டாதே. சென்னை அணியின் மஞ்சள் சட்டையைப் பார்த்தால் நமக்கு நியாயமான விலையா என்பதெல்லாம் தெரியாது. அந்த அணியையே சூது விட்டுவைக்கவில்லை: சூதாட்ட விவகாரத்தில்தான் 2015இல் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை நிறுத்திவைத்தது; 2016, 2017 இரண்டு சீசனும் அவை ஆடவில்லை. அந்த இரண்டு வருடமும் எத்தனை சின்னப் பையன்கள் முகம் தொங்கிப் போனார்கள் என்று நினைத்துப் பார்.

சின்னச் சின்னதாகச் சில பழக்கங்கள். பெட்டை ஆட்டம் தொடங்கும் முன் எழுதிவிடு. ஆட்டம் ஓடும்போது போனைத் தொடாதே. ஒரு நோட்டில் தேதி, அணி, விலை, தொகை, முடிவு இவ்வளவும் எழுது. மனது ஜெயித்ததை மட்டுமே ஞாபகம் வைக்கும், நோட்டு எல்லாவற்றையும் வைக்கும். குடித்திருந்தால் இல்லை. வீட்டில் சண்டை போட்ட அன்று இல்லை. சம்பளம் வந்த முதல் மூன்று நாள் இல்லை. ஜெயித்தால் 5ஐ 10 ஆக்காதே. ஜெயித்த பணம் கடைக்காரன் பணம் அல்ல, கைக்கு வந்த நிமிடம் அது உன் பணம், உன் பிள்ளையின் பணம். 200 தீர்ந்தால் அடுத்த ஆகஸ்ட் வரை தீர்ந்தது. யாரிடமும் ஐந்து டாலர் கூடக் கைமாற்று வாங்காதே, யாருக்கும் இதற்காகக் கொடுக்கவும் செய்யாதே. நாற்பது பெட் முடிந்ததும் நோட்டைக் கூட்டிப் பார்த்து, போன தொகையை எனக்கு ஒரு மெசேஜில் அனுப்பு. திட்டமாட்டேன். எண்ணை மட்டும் அனுப்பு.

ஒரு தடவை 5ஐ மீறினாய் என்றால், எவ்வளவு மீறினாய் என்பது முக்கியம் இல்லை. அந்தச் சீசனை அன்றைக்கே மூடிவிடு. 5ஐக் காப்பாற்ற முடியாதவனால் 50ஐயும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக வீட்டில் இருக்கிற தங்கச்சிகளுக்கும் மதினிமார்களுக்கும். அனுப்புகிற தேதி தள்ளிக்கொண்டே போவது, காரணம் மாறிக்கொண்டே இருப்பது, மேட்ச் நாளில் போன் எடுக்காதது, பெயர் தெரியாத லோன் ஆப்பிலிருந்து உங்களுக்கே அழைப்பு வருவது, இவற்றில் இரண்டு சேர்ந்தால் நேராகக் கேட்டுவிடுங்கள். கத்த வேண்டாம், "மொத்தம் எவ்வளவு கொடுக்கணும், யார் யாருக்கு?" என்று தாளும் பேனாவும் வைத்துக் கேளுங்கள். முதல் தடவை சொல்கிற தொகை முழுசாக இருக்காது, அதனால் மறுநாளும் கேளுங்கள். நகையைக் கழற்றி அவன் கையில் கொடுக்காதீர்கள். நியாயமான கடன் என்றால் கடன்காரரிடம் நீங்களே நேரில் தவணை பேசுங்கள். லோன் ஆப்காரன் மிரட்டினாலோ ஆன்லைனில் ஏமாற்றியிருந்தாலோ 1930. அவன் சாப்பிடாமல், தூங்காமல், 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேசினால் அன்றைக்குக் கடன் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், காசு இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். சிங்கப்பூரில் இருக்கிறவன் என்றால் 1800-6-668-668, சூதுப் பழக்கத்துக்கென்றே அங்கே இருக்கிற உதவி எண். மூன்று எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள்.