கத்திரிக்காயை நிறுத்தினோம், எண்ணெயை?

சிதம்பரம் கொத்சுக்கு எங்க பக்கம் கத்திரிக்காயைப் பொறுக்கித்தான் வாங்குவார்கள். கடலூர் மாவட்டத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 ரகத்திலும் புழுவைக் கொல்லும் பி.டி. மரபணுவைச் சேர்த்தது பலருக்குத் தெரியாது. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்திரியை நிறுத்தி வைத்ததால் அது வயலுக்கு வரவில்லை.

ஆனால் பி.டி. பருத்தி 2002-லேயே வந்துவிட்டது. இன்று நாட்டில் பெரும்பாலும் அதுதான். பஞ்சு மில்லுக்குப் போகட்டும். கொட்டை எண்ணெய் ஆலைக்குப் போகிறதே! எண்ணெய் நொறுக்குத் தீனிக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு.

சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக இருக்காது, அப்புறம் என்ன பயம் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே காரணத்தால், ஆய்வகத்தில் சோதித்து அந்த எண்ணெய் எந்த விதையிலிருந்து வந்தது என்று சொல்வதும் கஷ்டம். 2013 முதல் பொட்டலத்தில் ‘ஜி.எம்.’ என்று போட விதி வந்தது. 2021 வரைவு விதி 1 சதவீத அளவு பேசுகிறது. எண்ணெயில் எதை அளப்பது? பேங்க்கில் இருந்தவன் சொல்கிறேன்: ரூபாய் நோட்டைப் பார்த்து அது யார் கணக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, வவுச்சர் வேண்டும். இங்கேயும் விதை முதல் ஆலை வரை ரசீது தொடர வேண்டும்.

நானும் போன வருஷம் வரை பருத்திப் புண்ணாக்கு போட்டுவிட்டு, பாலை ‘இயற்கைப் பால்’ என்று விற்றவன்தான். இப்போது விருத்தாசலம் பக்கத்துக் கடலைப் புண்ணாக்கு. விலை கூடுதல்தான். நீங்களும் நொறுக்குப் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘காட்டன்சீட் ஆயில்’ இருக்கிறதா என்று பாருங்கள்.