நந்தனாரும் ரஷ்யரின் அளவுகோலும்

கேள்வி: மாயக்கதைகளை அலசும் மேலைக் கோட்பாடுகள் நம் சிதம்பரத்துக் கதைகளுக்குப் பொருந்துமா? (வாசகர், கடலூர்)

பதில்: ஓரளவு பொருந்தும், பொருந்தாத இடத்தில்தான் பயன் அதிகம். விளாதிமிர் பிராப் 1928-இல் ரஷ்ய மாயக்கதைகளின் நிகழ்வுகளை 31 செயல்களாக வகுத்தார். தில்லை என்னும் சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய தாழ்த்தப்பட்ட சாதி அடியார் நந்தனாரின் கதையை அதில் வைத்துப் பாருங்கள். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் வேதியப் பண்ணையார் கிடையாது. தன் பிறப்பை எண்ணும் தயக்கமே தில்லைப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறது. அந்த வேதியரை 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே இரவில் கதிர் முற்றிவிடுகிறது. பிராப் சொல்லும் எதிராளியும் 'கடினமான பணி'யும் அச்சு அசலாக இவைதான். பாரதி பிராப்பைப் படித்தவரல்லர். கதைசொல்லியின் கை தானாகவே அந்தத் தடத்தில் போயிருக்கிறது.

அடியார் வரலாற்றை மாயக்கதையோடு சேர்க்கலாமா என்று சிலர் கோபிக்கலாம். வடிவத்தை ஆராய்வது பக்தியின் உண்மையை எடைபோடுவதாகாது. வலுவான ஆட்சேபம் வேறு: எதிராளி ஏன் நிலக்கிழாராக வந்தார் என்பதைப் பிராப் சொல்லமாட்டார். அதற்குத் தஞ்சைப் பண்ணையாள் முறையின் வரலாற்றைத்தான் புரட்டவேண்டும். முடிவையும் கவனியுங்கள். தீயில் மூழ்கி முனிவராக எழுவது பிராப்பின் 'உருமாற்றம்'. மாயக்கதை நாயகனுக்கு அதன்பின் மணமும் அரியணையும் கிடைக்கும். நந்தனாரோ தில்லைச் சபையில் மறைகிறார், ஊர் திரும்புவதில்லை. கோட்பாடு இல்லாமல் படித்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. பெரியபுராணத்தையும் பாரதியின் நந்தனார் சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.