ஆறிய சாயம் ஏன் கலங்குகிறது?

கேள்வி: ஐயா, கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் மாமியார் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் கெட்டிச் சாயம் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மத்தியானம் தே-ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) கலக்கித் தருகிறேன். வெளியே எடுக்கும்போது சாயம் மங்கிக் கலங்கியிருக்கிறது. பழசு என்று சுற்றுலா வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தூளில் கலப்படமா? மருந்தியல் படிக்கும் மகளோ, “குளிரில் தண்ணீராக இருந்து உடம்புச் சூட்டில் கூழாகிற மருந்து உண்டு, இதுவும் அதுபோலத்தானா?” என்கிறாள்.
– ஒரு வாசகி, ரிங்லெட்

பதில்: அன்புச் சகோதரி, இந்தக் கலங்கல் கலப்படத்தின் அடையாளம் அல்ல. கலங்கிய சாயத்தில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கிப் பாருங்கள், தெளிந்துவிடும். தேயிலை ருசிபார்ப்பவர்கள் இதைக் ‘கிரீம்’ என்பார்கள். சாயத்தில் சத்து இருக்கிறது என்றே கணிப்பார்கள்.

உங்கள் மாமியார் பறித்துப் போட்ட கொழுந்து தொழிற்சாலையில் வாடவைக்கப்பட்டு, உருளையில் கசங்கும்போது அதன் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் கேட்டகின்கள் காற்றுபட்டு ஒன்றோடொன்று இணைந்து, பொன்னிறத் தியாஃபிளேவின்களாகவும் செம்பழுப்பான தியாருபிகின்களாகவும் மாறுகின்றன. இவற்றைப் பிரித்தறிந்தவர்களில் முக்கியமானவர், 1950களில் ஆய்வுசெய்த ராபர்ட்ஸ். உலர்ந்த இலையின் எடையில் சுமார் 3 சதவீதம் காஃபின்.

கொதிநீரில் இவை தனித்தனியே கரைந்திருக்கும். காஃபின் தட்டையான மூலக்கூறு. தியாஃபிளேவினிலும் தட்டையான வளையங்கள் உண்டு. சூடு இருக்கும்வரை மூலக்கூறுகளின் ஓட்டம் இவற்றை ஒட்டவிடாது. ஆறியதும் வளையத்தின்மேல் வளையமாக அடுக்கிக்கொள்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடிக்கிறது. அந்தத் திரள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் உங்கள் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது. சாயம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கலங்கும். தண்ணீரில் சுண்ணச்சத்து இருந்தால் இன்னும் கூடும். காஃபின் நீக்கிய தேயிலையில் இது குறைவு.

மகளின் கேள்வி அருமையானது. அவள் சொல்வது போலாக்சமர் 407 போன்ற பாலிமர்களை. அந்தச் சங்கிலியின் இரு முனைகளுக்கும் தண்ணீர் பிடிக்கும். நடுப்பகுதி குளிரில் மட்டுமே தண்ணீரோடு ஒத்துப்போகும். சூடு ஏறினால் அதைச் சூழ்ந்து ஒழுங்காக நின்ற நீர் மூலக்கூறுகள் விலகிப் போகின்றன. நடுப்பகுதிகள் உள்ளே ஒதுங்கி, முனைகள் வெளியே நிற்க, நுண்ணிய உருண்டைகள் உருவாகின்றன. சுமார் 20 சதவீதக் கரைசலில் இந்த உருண்டைகள் நெருங்கி அடுக்கி நின்றுவிடும். அதனால் குளிர்பெட்டியில் தண்ணீர்போல் ஓடுவது உடலின் 37 டிகிரியில் கூழாகி, மருந்தை இட்ட இடத்திலேயே தங்கவைக்கிறது.

32 டிகிரிக்கு மேல் சுருங்கும் இன்னொரு பாலிமரைத் தட்டில் பூசி, அதன்மேல் உயிரணுக்களை வளர்த்தார்கள் ஜப்பானின் தெருவோ ஒகானோ குழுவினர். தட்டைக் குளிரவைத்தாலே, வெட்டாமல் சுரண்டாமல், உயிரணுப் படலம் முழுசாகக் கழன்று வந்தது.

ஆக, சாயம் ஆறினால் திரள்கிறது; மருந்துப் பாலிமர் சூடேறினால் திரள்கிறது. திசைதான் எதிர். இரண்டிலும் நிரந்தரமான புது வேதிப்பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. வெப்பநிலையை மாற்றினால் பழையபடி பிரிந்துவிடும். தண்ணீரில் வெறும் வெப்பத்தைக்கொண்டே பொருளைக் கட்டவும் அவிழ்க்கவும் முடியும் என்பது எவ்வளவு பெரிய வசதி! அதன் கண்கூடான பாடம் உங்கள் கடையிலேயே இருக்கிறது. மகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

தெளிந்த தே-ஓ வேண்டுமானால், சாயத்தைச் சற்று இளசாகப் போட்டு, அறைச் சூட்டுக்கு ஆறியபின் உள்ளே வையுங்கள். அல்லது தூளைக் குளிர்ந்த தண்ணீரிலேயே ஊறவைத்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் விட்டு வடிகட்டுங்கள். குளிரில் கரைந்தவை குளிரில் திரளாது. ஒன்று மட்டும் கவனம்: சூடாக்கித் தெளிந்தால் அது கிரீம் என்றுதான் பொருள், சாயம் கெடவில்லை என்பதற்கு அது சான்று அல்ல. வெளியே இரவு தங்கிய சாயத்தையும், புளித்த வாடை வீசுவதையும் கொட்டிவிடுங்கள்.