தலைமை ஆசிரியரின் கவலையைக் கேட்பது யார்?

 

ஹிஜ்ரி 6-ம் ஆண்டு. உம்ரா செய்யும் ஆசையோடு புறப்பட்ட சுமார் 1400 ஸஹாபாக்கள் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். இந்த ஆண்டு திரும்பிவிட வேண்டும் என்று உடன்படிக்கையும் எழுதியாயிற்று. எழுந்து பிராணிகளை அறுத்து, தலைமுடியை மழித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். ஒருவரும் எழவில்லை. ஸஹாபாக்கள் மாறு செய்பவர்கள் அல்லர். துக்கம் அவர்களை எழவிடவில்லை.

நபி (ஸல்) அவர்கள் உள்ளே சென்று, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். வஹீ இறங்கும் தலைவர், மக்களிடம் தமக்கு நேர்ந்ததைத் தம் மனைவியிடம் சொல்கிறார்கள்! அன்னையவர்கள் நீண்ட உபதேசம் செய்யவில்லை. யாரிடமும் பேசாமல், முதலில் தங்கள் பிராணியை அறுத்து, முடி எடுப்பவரை அழைத்து மழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவ்வாறே நடந்தது. அதைப் பார்த்த ஸஹாபாக்கள் எழுந்துவிட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

முன்பு நான் இமாமாக இருந்த ஊரில், ஒரு மாணவனை ஆசிரியர் திட்டிவிட்டார் என்று பெற்றோர் சிலரோடு பள்ளிக்கூடம் போனேன். மணி நாலரை. தலைமை ஆசிரியையின் மேசையில் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. புகாரைப் படித்துவிட்டு, "ஹஜ்ரத், எல்லாரும் என்கிட்ட வந்து கேக்குறீங்க. நான் யார்கிட்ட போய் சொல்றது?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. புகாரைக் கொடுத்த திருப்தியோடு திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டே அவர்கள் விருப்ப ஓய்வில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மூஸா (அலை) அவர்களும் கோபத்தில் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். சமுதாயத்தார் தம்மைப் பலவீனராக எண்ணி, கொல்லவும் துணிந்ததை ஹாரூன் (அலை) சொன்னார்கள். கேட்ட மாத்திரத்தில் மூஸா (அலை) தமக்கும் தம் சகோதரருக்கும் பாவமன்னிப்புத் தேடினார்கள். அஃராஃப் சூராவில் பாருங்கள். நான் அந்த அம்மாவிடம் அவ்வளவுகூட கேட்கவில்லை.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர்தான். அதாவது, இந்த ஸஃப்பில் இருப்பவர்களும்தான். அங்கே ரிசல்ட்டைப் பற்றிக் கேட்குமுன், "சாப்பிட்டீர்களா, இந்த மாதம் எது உங்களுக்குச் சிரமமாக இருந்தது?" என்று கேளுங்கள். சொன்னால், அது அமானிதம். டீக்கடைக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது. தூக்கமில்லை, மனம் எதிலும் ஒட்டவில்லை என்று வாரக்கணக்கில் தவிப்பவருக்கு மருத்துவரைக் காட்டுவது தவக்குலுக்கு எதிரானதல்ல. டெலி மானஸ் 14416 என்ற அரசின் இலவச எண்ணும் இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை பள்ளி விட்டதும், இன்ஷா அல்லாஹ், நம் ஊர்த் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். கையில் மனு எதுவும் கிடையாது. கூட வர விரும்புபவர்கள் தொழுகைக்குப் பின் சொல்லுங்கள். இரண்டு பேர் போதும், கூட்டமாக வேண்டாம்.