சுடுநீர்ச் சாதனத்துக்கு முன்னால் குழாய்

ஈப்போ வட்டாரத்துத் தாமான் வீடுகளில் எரிவாயு என்றாலே தோம்புதான். அடுப்புக்குக் கீழே 14 கிலோ தோம்பு, அதன் தலையில் ரெகுலேட்டர், அங்கிருந்து அடுப்புக்கு ஒரு ரப்பர் ஹோஸ். இப்படிப்பட்ட வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் வைக்க நினைக்கிற பலர் முதலில் கடைக்குப் போய்ச் சாதனத்தை வாங்கிவிடுகிறார்கள். அது சுவரில் ஏறிய பிறகு, அடுப்புக்குப் போகும் ஹோஸில் ஒரு 'டி' போட்டு இன்னொரு ஹோஸை இழுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு. இந்த வரிசை தவறு. சாதனத்தின் பசி எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கேற்ற குழாயைப் போட்டுச் சோதித்த பிறகுதான் சாதனம் சுவரில் ஏற வேண்டும்.

முதல் வேலை காகிதத்தில் நடக்க வேண்டியது. பேராவில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி அளவில் வருகிறது. குளிக்க 40 டிகிரி தாராளம். குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லர் நமக்குத் தேவையில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 13 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 9 கிலோவாட் போதும். அப்படியானால் குளியலறைக்கு ஒரு மின்சார ஹீட்டர் போதுமே என்று கேட்கலாம். ஒரே குளியலறை, இரண்டு மூன்று பேர் என்றால் போதும். அவர்கள் குழாய்ச் செலவுக்குள் இறங்க வேண்டாம். ஆனால் 3.6 கிலோவாட் மின்சார ஹீட்டர் இதே சூட்டில் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் தரும். இரண்டு குளியலறையும் பெரிய குடும்பமும் உள்ள வீட்டுக்கும், சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளில் கூடுதல் மின்சுமையைத் தாங்காத வயரிங்கோடு இருப்பவர்களுக்கும் எரிவாயு நியாயமான தேர்வு. வீட்டுத் தோம்பின் மானிய விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 சென். ஒரு கிலோவில் 13.7 கிலோவாட்-மணி வெப்பம் இருப்பதால், அலகுக்கு 14 சென்தான் ஆகிறது.

இரண்டு பர்னர் அடுப்பு 8 கிலோவாட், இரண்டு குளியலறைக்கும் சேர்த்து ஹீட்டர் 16 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் 24 கிலோவாட், அதாவது அடுப்பு மட்டும் இழுத்ததைப் போல மூன்று மடங்கு வாயு. குழாயில் அழுத்த இழப்பு அந்த அளவோடு நிற்பதில்லை. ஓட்டம் மூன்று மடங்கானால் இழப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். ரெகுலேட்டரைத் தாண்டி வரும் அழுத்தமே 30 மில்லிபார்தான், ஓர் அடி உயரத் தண்ணீரின் அழுத்தம். அடுப்பு மட்டும் எரியும்போது அரை மில்லிபார் இழக்கும் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய், ஹீட்டரும் சேர்ந்தால் நாலரை மில்லிபார் இழக்கும். சுடர் தளர்ந்து, ஹீட்டர் அணைந்து அணைந்து எரியும். அதே தூரத்துக்கு 22 மில்லிமீட்டர் குழாய் போட்டால் இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறையும். பெரிய குழாய்க்கு ஏன் வீண் செலவு என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். 24 கிலோவாட் என்பது மணிக்கு 1.75 கிலோ வாயு. ரெகுலேட்டரில் 1.5 கிலோ என்று பொறித்திருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. ஒற்றைத் தோம்பிலிருந்து இவ்வளவு வேகமாக வாயு எடுத்தால் உள்ளே திரவம் குளிர்ந்து, தோம்பின் அடிப்பாகம் வியர்த்து, அழுத்தம் இறங்கிவிடும். இரண்டு தோம்புகளைச் சேர்த்து இணைப்பதே சரி.

அடுத்தது தோம்பின் இடம். இங்குள்ள பெரிய சிக்கல், பின்கட்டுக்குக் கூரை போட்டு அடைத்து நீட்டிய சமையலறை. தாமான் வீடுகளில் பாதுகாப்பாக வெளியே இருந்த இடமே இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் தோம்பில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே தோம்பைத் திறந்தவெளியில், மட்டமான சிமெண்டுத் தரையில், கால்வாய் வாயிலிருந்தும் மின்சாரப் பிளக்கிலிருந்தும் நன்றாகத் தள்ளி நிற்க வையுங்கள். கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்கினால் தரைக்கு அருகில் மாட்டுங்கள். கூரையடியில் மாட்டிப் பயனில்லை.

குழாய் போகும் வழியைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பாருங்கள். வெளிச்சுவரோடு, கண்ணுக்குத் தெரியும்படி, வளைவு குறைவாகப் போகட்டும். அழகு கெடும், சுவருக்குள் புதைத்துப் பூசிவிடலாம் என்பார்கள். புதைத்த குழாயில் ஈரச் சிமெண்டு செம்பை அரித்தாலும் தெரியாது. பின்னாளில் அலமாரி மாட்டத் துளையிடுபவருக்கும் குழாய் எங்கே என்று தெரியாது. மஞ்சள் சாயம் பூசிய குழாய் தன் இடத்தைத் தானே காட்டிக்கொள்ளும். சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் சற்றுப் பெரிய உறைக்குழாய்க்குள் அதை நுழைக்க வேண்டும். பலகைச் சுவர்த் தோட்ட வீடுகளில் கரையான் தின்ற பலகையில் கிளிப் அடிக்காமல், சட்டத்தில் அடியுங்கள்.

பற்றவைப்பும் இணைப்பும் வீட்டுக்காரர் செய்யும் வேலையல்ல. 1993-ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்தின் கீழ் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுங்கள், எம்.எஸ். 930 தரத்தின்படி செய்கிறாரா என்று கேளுங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாய்க்காரர் குறைந்த கூலிக்குச் செய்வார் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் கசிந்தால் தரை நனையும். இது கசிந்தால் வீடு எரியும். 2025 ஏப்ரல் 1-இல் புத்ரா ஹைட்ஸில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு குழாய் என்றாலே அச்சப்படுவோரின் கவலையை அலட்சியப்படுத்தக்கூடாது. அங்கே தீப்பற்றியது நிலத்தடியில் உயர் அழுத்தத்தில் வாயு கொண்டுசெல்லும் பெருங்குழாய். வீட்டுக் குழாயின் அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது அதன் அழுத்தம். வீட்டில் நாம் அஞ்ச வேண்டியது சோதிக்காத இணைப்புக்குத்தான்.

அதனால் சோதனை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். ஹீட்டர் இணைக்கும் முன் குழாயின் முனையை அடைத்து, காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பூட்டுவார்கள். இதைக் காலையில், வெயில் ஏறும் முன் செய்யச் சொல்லுங்கள். பிற்பகல் வெயிலில் குழாய் 10 டிகிரி சூடேறினாலே உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் 30 மில்லிபாருக்கு மேல் கூடிவிடும். சிறு கசிவை அந்த ஏற்றம் மறைத்துவிடும். முள் அசையாமல் நின்றால், ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பது மிச்சம்.

இனி ஹீட்டரை மாட்டலாம், ஆனால் குளியலறைக்குள் அல்ல. 16 கிலோவாட் சுடர் மணிக்குச் சுமார் 15 கன மீட்டர் காற்றைத் தின்னும். சிறிய குளியலறையில் இருப்பதோ ஏழெட்டு கன மீட்டர். காற்று போதாமல் எரியும் சுடர் மணமற்ற, நிறமற்ற கார்பன் மோனாக்சைடைக் கக்கும். குளிப்பவருக்குத் தெரியாமலே மூச்சைப் பறிக்கும். கண்ணாடிப் பட்டைச் சன்னல் இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது, மழைக்கு அதை மூடிவிடுவோம். வெளிச்சுவரில் மாட்டும் வகையையே வாங்குங்கள். மாட்டி முடித்ததும் அடுப்பின் இரண்டு பர்னரையும் ஹீட்டரையும் முழு வேகத்தில் எரியவிட்டு, ஹீட்டரின் வாயிலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 27 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் மீதிக் கூலியைக் கொடுக்காமல், குழாயையும் ரெகுலேட்டரையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.